பாம்பெர்க்கில் மூன்று இரவுகள்

பாம்பெர்க்கில் எத்தனை இரவு என்பதில் வந்துதான் எல்லாம் நின்றது. மற்ற ஊர்களைப் பற்றி ஞானசம்பந்தத்துக்கு ஐயமே கிடையாது. ஜெர்மனிக்குப் போய் பிராங்பர்ட்டில் இறங்கியதும் ஒரு இரவு ஓய்வு; போகிற நால்வரில் மூவர் அறுபதைத் தாண்டியவர்கள், விமானத்தில் கால் வீங்கும். பிறகு ரைன் நதிக்கரையில் இரண்டு இரவு, ஒருமுறைகூட இடிபடாத மார்க்ஸ்பர்க் மலைக்கோட்டைக்காக. எல்ட்ஸ் கோட்டைக்கு ஒரு பகல். மதில் சூழ்ந்த ரோத்தன்பர்க்கில் ஒரு இரவு, நியூரம்பர்க்கில் ஒரு இரவு. ஏன் என்று கேட்டால் நூற்றாண்டைச் சொல்லிப் பதில் தருவார். வேலூரில் ஒரு கல்லூரியில் முப்பத்தொரு வருடம் மத்தியகால ஐரோப்பிய வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். அந்த முப்பத்தொரு வருடத்தில் ஐரோப்பா இருக்கும் திசையில் அவர் போன அதிகபட்ச தூரம் பெங்களூர். கண்ணால் கண்ட கோட்டை ஊர் நடுவில் நிற்கிற வேலூர்க் கோட்டை ஒன்றுதான். அதன் அகழியைக் காட்டித்தான் உலகத்து அகழிகளையெல்லாம் விளங்க வைத்தார். பயணத் திட்டத்தை மிச்சமாகிப்போன பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில் எழுதினார். ஒன்பது வருடம் தேர்வு அட்டவணை போட்ட கை. ஒரு மாணவனுக்கு ஒரே வேளையில் இரண்டு தேர்வு வராமல் நானூறு பேரை ஒரே தாளில் அடுக்கிய கை. வெளிச்சத்தில் பிடித்தால் 'நிலவுடைமை முறையின் தோற்றத்தையும் சிதைவையும் விளக்குக' என்ற மறுபக்கத்துக் கேள்வி ரைன் நதிக்கு அடியில் மங்கலாக ஓடும். அந்தக் கைக்கு பாம்பெர்க் மட்டும் பிடி கொடுக்கவில்லை. முதல் வரைவில் ஒரு இரவு. இரண்டாவதில் இரண்டு. ஐந்தாவதில் ரயில் மாறும் நாற்பது நிமிடம். எட்டாவதில் ஊரையே காணோம். இன்று செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு, பதினோராவது வரைவில் 'மூன்று இரவு' என்று எழுதிவிட்டு, எழுதியது வேறு யாரோ என்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்று இரவுக்கு அந்த ஊரில் என்ன இருக்கிறது? கேள்வி நியாயமானதுதான். பழைய பேராலயம் ஒன்று. அதற்குள் ஒரு குதிரைவீரன் சிலை. அவன் எந்த அரசன் என்று இன்றுவரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அதனாலேயே அவனைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ஆற்றின் நடுவில் கட்டிய நகர்மன்றம். குன்றின் மேல் ஒரு கோட்டை, அதுவும் சுமார் ரகம். ஒரு பகல் தாராளம். பிறகு, ரயில் நிலையத்திலிருந்து பதினேழு நிமிடம் நடந்தால், ஒரு மூன்றாம் மாடியில், அவருடைய மகள். செம்பியன்மாதேவி. சோழ அரசியின் பெயரை வைத்தவர் அவர்தான். எந்த விண்ணப்பத்திலும் கட்டம் போதாமல் கடைசி எழுத்துகள் வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். வீட்டில் செம்பா. இந்தக் காரணம் பதினொரு வரைவுகளில் ஒன்றிலும் எழுதப்படவில்லை. ஆறு வருடமாக அவள் குரலை அவர் கேட்டதில்லை. கேட்டதில்லை என்பதும் முழு உண்மையல்ல. மனைவி திலகவதி கொல்லைப்பக்கம் துணி உலர்த்தப் போய் முக்கால் மணி நேரம் திரும்பாத நாட்களில், மூடிய கதவுக்கு இந்தப்பக்கம் நின்றால் போனிலிருந்து கொசு பறப்பதுபோல ஒரு சத்தம் வரும். அது அவள்தான். ஒரு குழந்தை இருப்பதும் அந்தக் கதவு வழியாகத் தெரிந்துகொண்டதுதான். தெருவில் நடப்பதுபோலவே போய்ப் பார்க்கும் வசதி இணைய வரைபடத்தில் இருக்கிறதே, அதில் அவர் அந்தத் தெருவில் எத்தனையோ முறை நடந்திருக்கிறார். ரொட்டிக்கடை. சைக்கிள் பூட்டுகிற இரும்புக் கம்பி. மஞ்சள் தபால்பெட்டி. அதற்கு அடுத்த கட்டடம் மட்டும் புகைமூட்டமாக நிற்கும். ஜெர்மனியில் குடியிருப்பவர்கள் கேட்டுக்கொண்டால் வீட்டைப் படத்தில் மங்கலாக்கிவிடுவார்களாம், படித்தார். ஆறு குடித்தனம் இருக்கிற கட்டடம், ஆறில் யார் வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம், அவள் குடிவருவதற்கு முன்பே யாராவது கேட்டிருக்கலாம் என்று ஆதாரங்களை வரிசையாக அடுக்கினார். ஆதாரங்களை அடுக்குவதுதானே அவர் தொழில். அத்தனையும் அடுக்கி முடித்தபிறகு மனம் ஒரே வரியில் தீர்ப்பெழுதியது: கேட்டது அவள்தான். உன்னிடமிருந்து மறைக்கத்தான்.

போன் அடித்தது. மச்சினன் துரைக்கண்ணு, திலகவதியின் தம்பி, பைபாஸ் சாலையில் டைல்ஸ் கடை. பயணத்தில் மூன்றாவது ஆளும் நான்காவது ஆளும் அவனும் அவன் மனைவியும்தான்.

"மாமா, ஏஜென்ட் மண்டையைக் குடையறான். நாளைக்குள்ள நாள்வாரியா எழுதின பிளான் வேணுமாம். முடிஞ்சுதா?"

"முடிஞ்ச மாதிரிதான்."

"அந்த வெள்ளைக் கோட்டை இருக்குதில்ல? மலைமேல, படத்துல வர்ற மாதிரி. என் வீட்டுக்காரி வாட்ஸ்அப்ல நாலு வருஷமா அதைத்தான் வெச்சிருக்கா, அவ மூஞ்சியை விட்டுட்டு."

"துரை, அது கோட்டையே இல்ல. ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்தொம்போதுல ஆரம்பிச்சுக் கட்டினது. நாடக மேடைக்குத் திரை வரையறவர்கிட்டப் படம் வாங்கிக் கட்டினான் அந்த ராஜா. உள்ள ஒரு சண்டை நடந்ததில்ல, ஒரு முற்றுகை நடந்ததில்ல."

"சண்டையா பாக்கப் போறோம்? அதுக்கு எங்க வீடு போதாதா? சும்மா நின்னு போட்டோ எடுத்துக்கறதுக்கு மாமா."

"பாக்கலாம்."

"சரி, அது என்ன, பாம்பெர்க்? போன பேப்பர்ல ரெண்டு நைட்டு போட்டிருந்தீங்க. நெட்ல பாத்தேன். பீர்தான் பேமஸாம், புகை வாசனை அடிக்குமாம். நீங்க மோர்ல பெருங்காயம் தூக்கலா இருந்தாலே முகம் சுளிப்பீங்க."

"பேராலயம் இருக்கு. குதிரைவீரன் சிலை இருக்கு."

"ரெண்டு நைட்டும் குதிரையையா பாக்கப் போறோம்?" துரைக்கண்ணு சிரித்தான். சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டான். அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது இவருக்குத் தெரியும். "சரி மாமா. ஏஜென்ட் குடுத்த விசா தாள்ல ஒரு கட்டம் நிரப்பாம விட்டிருக்கீங்களாம். அதையும் எழுதிடுங்க," என்று வைத்துவிட்டான்.

கட்டம் எது என்று பார்க்க வேண்டியதே இல்லை. 'அந்த நாட்டில் உங்கள் குடும்பத்தினர் யாரேனும் வசிக்கிறார்களா? ஆம் எனில் பெயர், உறவு, முகவரி.' ஆம் என்று எழுதினால் அவளிடமிருந்து அழைப்புக் கடிதம் கேட்பார்கள். இல்லை என்று எழுதினால் பொய். குடும்பம் என்ற சொல்லுக்கு எந்த வரையறை? அரசாங்கத்தின் வரையறையை எடுத்துக்கொண்டால், குடும்ப அட்டையில் பெயர் இருப்பவர்களே குடும்பம். அப்படிப் பார்த்தால் இல்லை என்பது பொய்யே அல்ல, ஏனென்றால் அந்தப் பெயரை நீக்கியவர் அவரேதான். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போனில் சொன்னாள், பதிவுத் திருமணம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது அப்பா, பரிதியோடு. எந்தப் பரிதி என்று கேட்டார். "மாணிக்கம் அண்ணன் பையன்ப்பா." மாணிக்கம் அவருடைய கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்து உதவியாளர், தொரப்பாடியில் வீடு. ஞானசம்பந்தம் வராந்தாவில் வந்தால் ஸ்டூலிலிருந்து எழுந்து நிற்பார்; எழுந்திருக்காதீங்க மாணிக்கம் என்று இவர் இருபது வருடம் தினமும் சொன்னார். ஒரே ஒரு நாள் மாணிக்கம் சொன்னபடி கேட்டு உட்கார்ந்தே இருந்திருந்தால் தனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இருபது வருடத்தில் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. பையன் கெட்டிக்காரன். அவன் ஜெர்மனிக்குப் படிக்கப் போகப் பரிந்துரைக் கடிதம் எழுதிக்கொடுத்ததே இவர்தான். 'எங்கு சென்றாலும் தன் குடும்பத்துக்கு அணிகலனாக விளங்குவார்' என்று எழுதினார். எந்தக் குடும்பம் என்று குறிப்பிடாமல் விட்டது எழுதியவர் பிழை. ஒவ்வொரு ஜூலையிலும் கரும்பலகையில் ஒரு கூம்பு வரைவார்: உச்சியில் அரசன், கீழே பிரபு, அதற்குக் கீழே வீரன், அடியில் நிலத்தோடு கட்டுண்ட உழவன். 'இதில் கொடுமை எது தெரியுமா? தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்பதில்தான் ஒவ்வொருவனுக்கும் நிம்மதி இருந்தது' என்று சொல்லி நிறுத்துவார். வகுப்பு மூச்சுவிடாது. அந்த வாக்கியத்தின் மேல் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

கல்யாணமான பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டு அட்டையிலிருந்து எடுப்பது ஊர் வழக்கம்தான். எடுத்துச் சான்று வாங்கினால்தான் புகுந்த வீட்டு அட்டையில் சேர்க்க முடியும். அத்தனை வீட்டிலும் நடக்கிற, யாரும் அழாத ஒரு காரியம். ஆனால் பாம்பெர்க்கில் எந்த ரேஷன் கடையில் அவளுக்குச் சர்க்கரை போடப் போகிறார்கள்? அது அவருக்குத் தெரியாதா என்ன. தெரிந்தேதான் வழங்கல் அலுவலகத்து வரிசையில் ஒன்றேகால் மணி நேரம் நின்றார். காரணம் என்ற இடத்தில் 'திருமணம்' என்று அழகான கையெழுத்தில் எழுதினார். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, "பொண்ணுக்குக் கல்யாணமா சார்? சந்தோஷம். ஸ்வீட் எங்க சார்?" என்று சிரித்தாள். அவளுக்கு அது தினமும் சொல்கிற பேச்சு. இவர் வெளியே போய் எதிர்க்கடையில் அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கிவந்து மேசைமேல் வைத்தார். மகளின் கல்யாணத்துக்கு அவர் கொடுத்த இனிப்பு அது ஒன்றுதான். ஏழு பேர் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளை என்ன பண்றார் சார் என்றுகூட ஒருவர் கேட்டார், ஆராய்ச்சி என்று இவரும் சொன்னார். பெயர் நீக்கல் சான்று கைக்கு வந்ததும் அதை ஒரு உறையில் போட்டு, கூட ஒரு வரி எழுதாமல், பதிவுத் தபாலில் பாம்பெர்க்குக்கு அனுப்பினார். உள்ளே என்ன என்று தபால்காரப் பெண் கேட்டதற்கு டாக்குமென்ட் என்றார். கோபத்தில் செய்த காரியமாக இருந்தால் இன்றைக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். கோபத்தில் கையை ஓங்கியவன் மறுநாள் மன்னிப்புக் கேட்கலாம். வரிசையில் நின்று, படிவம் நிரப்பி, இனிப்புக் கொடுத்து, உறைக்குப் பசை தடவியவன் என்னவென்று கேட்பான்? அப்போது நிதானத்தில் இல்லை என்றா? அன்றைக்கு இருந்த நிதானம் அதற்கு முன்னும் பின்னும் அவருக்கு வாய்த்ததே இல்லை.

மின்விசிறி தாளைத் தூக்கியது. மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்து ரோத்தன்பர்க் மேல் வைத்தார். ரோத்தன்பர்க்கின் மதில்கூட முழுசாகப் பழையது இல்லை. போரில் குண்டு விழுந்து ஒரு பகுதி தரைமட்டமாகி, பிறகு உலகம் முழுக்க இருந்து ஆட்கள் கொடுத்த நன்கொடையில் எழுப்பினார்கள். கொடுத்தவர்களின் பெயரெல்லாம் கல்லில் வெட்டி மதிலில் பதித்திருக்கிறது. ஊரை ஒருமுறைகூடப் பார்க்காதவன் பெயரெல்லாம் அந்தச் சுவரில் இருக்கும். அவர் அதிலிருந்து சட்டென்று விலகி எல்ட்ஸ் கோட்டைக்குப் போனார். எல்ட்ஸ் பாதுகாப்பான இடம். எண்ணூறு வருடத்துக்கு மேலாக ஒரே குலத்தின் கையில் இருக்கிற கோட்டை. அந்தக் குலம் மூன்று கிளையாகப் பிரிந்தபோது யாரும் வெளியே போகவில்லை; ஒரே முற்றத்தைச் சுற்றி ஆளுக்கொரு வீடு கட்டி, ஆளுக்கொரு அடுப்பு மூட்டிக்கொண்டார்கள். உள்ளே பாகப்பிரிவினை, வெளியே ஒரே மதில். மறுபடி அங்கேயே வந்து நிற்கிறது பார், என்று தன்னையே கடிந்துகொண்டார். ஐரோப்பியக் கோட்டைகளில் வேறு எவ்வளவோ இருக்கிறது. கொதிக்கிற எண்ணெய் ஊற்றும் மாடத்தைப் பற்றி நினைக்கலாம். கோபுரத்தின் அடியில் ஒரு கிடங்கு இருக்கும், அதற்குக் கதவே கிடையாது. மேல்தளத்தின் நடுவில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஒரு துளை, கைதியைக் கயிற்றில் கட்டி அதன் வழியே உள்ளே இறக்குவார்கள். அச்சத் துளை என்று அதற்கு அவர்கள் மொழியில் பெயர். கைதியும் இல்லை கயிறும் இல்லை, அதெல்லாம் வெறும் தானியக் கிடங்கு என்று வாதாடுகிற அறிஞர்களும் உண்டு. நியாயமாகப் பார்த்தால் இரு தரப்பையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்தத் துளையின் படத்தை முதல்முறை பார்த்த நாளிலிருந்து அவருக்குப் பயமாக இருந்தது மேலிருந்து இறக்கப்படுவதை நினைத்து அல்ல. இறக்கிய பிறகு மேலே இருப்பவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள் இல்லையா, காலடிச் சத்தம், ஒரு பாத்திரம் உருளுகிற சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம், எல்லாம் அந்தத் துளை வழியாக வந்துகொண்டே இருக்கும் இல்லையா, அதை நினைத்து.

மூன்று இரவு என்றால் மூன்று மாலை. மாலையில் அவள் வேலையிலிருந்து வருவாள். அந்த மஞ்சள் தபால்பெட்டிக்கு எதிரில் உட்கார ஒரு பெஞ்சு இருக்கிறது, படத்தில் பார்த்து வைத்திருக்கிறார். தற்செயலாக அங்கே உட்கார்ந்திருப்பார். கையில் நகர வரைபடம் இருக்கும். அவள் வருவாள். 'நாங்க கோட்டை பாக்க வந்தோம்' என்பார். அந்த வாக்கியத்தைப் பல மாதமாகச் செதுக்கிவருகிறார். 'கோட்டை பாக்க வந்தோம்' என்பதில் உன்னைப் பார்க்க வரவில்லை என்கிற கௌரவமும் இருக்கிறது, வந்துவிட்டோம் என்கிற செய்தியும் இருக்கிறது. அவள் என்ன சொல்வாள்? அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் படம் நின்றுவிடும். அவள் நிற்காமல் போய்விடக்கூடும். அடையாளம் தெரியாமல் போகலாம். தலை முழுக்க நரைத்துப்போனது அவளுக்குத் தெரியாது. அடையாளம் தெரிந்து, வாங்கப்பா என்று வெகு மரியாதையாகக் கூப்பிட்டு, காபி கொடுத்து, அந்தச் சான்றைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற அறையில் உட்காரவைக்கவும் கூடும். அவளுக்கு அப்படிப்பட்ட குறும்பு உண்டு. அது அவரிடமிருந்து போனதுதான்.

"என்னங்க, அந்தப் பேப்பரைக் கொஞ்சம் வெச்சுட்டுக் கேளுங்க."

திலகவதி புடவை மாற்றி, பவுடர் போட்டு, கையில் ஒரு துணிப்பையோடு நின்றாள். பைக்குள் எவர்சில்வர் டப்பாவின் மூடி தெரிந்தது.

"சொல்லு."

"பாப்பா வந்திருக்கா."

"எந்தப் பாப்பா?"

"எத்தனை பாப்பா பெத்து வெச்சிருக்கேன், எந்தப் பாப்பான்னு கேக்கறதுக்கு?"

அவர் பேனா மூடியைத் தேடினார். அது பேனாவில்தான் இருந்தது. "எங்க வந்திருக்கா?"

"தொரப்பாடிக்கு. அவங்க வீட்டுக்கு. ஞாயித்துக்கிழமையே வந்துட்டாங்க, மாப்பிள்ளை, குழந்தை எல்லாரும்."

"திடீர்னு எதுக்கு?"

"திடீர்னு எல்லாம் இல்ல. வருஷா வருஷம் ஆகஸ்ட்ல வர்றவதான். கொரோனா ரெண்டு வருஷம் வரல. இது நாலாவது தடவை."

தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள். நாலாவது தடவை. திலகவதிக்கு ஆகஸ்டில் பத்து நாள் தொரப்பாடியில் முட்டி வைத்தியம் நடக்கும், எண்ணெய் போட்டு நீவிவிடுகிற வைத்தியர். காலையில் போனால் சாயங்காலம் வருவாள், முகம் தெளிந்திருக்கும். நல்ல வைத்தியராகத் தெரிகிறார் என்று இவர் நாலு பேருக்குச் சிபாரிசு செய்திருக்கிறார். எண்ணெய் வாசனை ஒத்துக்கொள்ளாமல் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். அப்படியானால் அந்த எண்ணெய்? திரும்பி வரும்போது தெருமுனையில் நின்று கொஞ்சம் தடவிக்கொள்வாளா?

"அப்ப முட்டி?"

"முட்டி வலிச்சுக்கிட்டுதான் இருக்கு," என்றாள் திலகவதி. "இன்னிக்கு அங்கதான் சாப்பாடு. அவ மாமியார் கூப்பிட்டாங்க. நீங்க வர்றீங்களா?"

"செம்பா கூப்பிட்டாளா?"

"கூப்பிடல. வரக்கூடாதுன்னும் சொல்லல."

"நாளைக்குள்ள ஏஜென்ட்டுக்குக் குடுக்கணும்..."

"எண்ணூறு வருஷமா நிக்கிற கோட்டைன்னு நீங்கதானே சொன்னீங்க. இன்னிக்குச் சாயந்திரத்துக்குள்ள இடிஞ்சிடப் போகுதா?"

"அதுக்கில்ல திலகா. ஒரு முறை இருக்கில்ல. சொல்லாம கொள்ளாம போய் நின்னா..."

"ஜெர்மனியில மட்டும் சொல்லிட்டா போய் நிக்கப் போறீங்க? நீங்க குப்பையில போட்ட பேப்பரெல்லாம் நான் படிக்கமாட்டேன்னு நெனச்சீங்களா?" அவள் குரலை உயர்த்தவில்லை. "செப்டம்பர்ல அவளைப் பாக்க ஏழு கடல் தாண்டிப் போவீங்க. இங்க ஆத்துக்கு அந்தப்பக்கம் இருக்கா. வாங்கன்றேன்."

அவர் தாளைப் பார்த்தார். அவள் செருப்பு மாட்டினாள். வலது முட்டி மடங்காததால் அந்தச் செருப்பின் வாரை மாட்ட எப்போதும் தாமதமாகும். இன்றைக்கு இன்னும் தாமதமாயிற்று. ஒருமுறை கழற்றிவிட்டுத் திரும்பவும் மாட்டினாளோ என்று தோன்றியது. "சோறு குக்கர்ல இருக்கு. ரசம் சூடு பண்ணிக்கங்க," என்றாள். ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது.

பாலாற்றுக்கு அந்தப்பக்கம். தண்ணீரே இல்லாத ஆறு. பாலம் இல்லாவிட்டாலும் மணலில் இறங்கி நடந்து போகலாம். வீடு இருக்கும் காந்தி நகரிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து தொரப்பாடி, கூட்டம் இருந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள். விசா வேண்டாம், காப்பீடு வேண்டாம், எந்தக் கட்டமும் நிரப்ப வேண்டாம். எழுந்து சட்டையை மாட்டினார். பொத்தான் போட்டார். பிறகு உட்கார்ந்து ஒரு புதுத் தாளைத் திருப்பி 'நாள் 1' என்று எழுதினார். எதையும் எழுதிப் பார்க்காமல் அவரால் செய்ய முடியாது, அவ்வளவுதான். இது தள்ளிப்போடுவது அல்ல. பன்னிரண்டு ஐந்து: கிளம்புதல். பன்னிரண்டு முப்பது: பழைய பஸ் ஸ்டாண்ட். வெறுங்கையோடு போக முடியாது, பன்னிரண்டு நாற்பது: பழக்கடை. ஆப்பிளா? ஆப்பிள் நோயாளிக்குக் கொண்டுபோவது. சாத்துக்குடி அதைவிட மோசம். பழத்தை ஒத்திவைத்து மேலே போனார். ஒன்று பத்து: வீட்டு வாசல். மாணிக்கத்தை என்னவென்று கூப்பிடுவது? மாணிக்கம் என்றால் வராந்தாக் குரல் வந்துவிடும். மாணிக்கம் சார் என்றால் கேலி என்று எடுத்துக்கொள்வார். சம்பந்தி என்று கூப்பிடலாம், ஆனால் அது ஆறு வருடத்துக்கு முன்னால் செலுத்தியிருக்க வேண்டிய சொல், காலாவதியாகிவிட்டது. சாப்பிடுகிற நேரத்தில் போய் நின்றால் சாப்பிட வந்ததுபோல் ஆகும். சாப்பாட்டுக்குப் பிறகு போனால் அவர்கள் வீட்டில் சாப்பிடக்கூடாதென்று நேரம் பார்த்து வந்ததுபோல் ஆகும், அதை அந்த வீட்டில் யாரும் மறக்க மாட்டார்கள். அடித்தார். கிளம்புகிற நேரத்தைப் பன்னிரண்டு இருபது என்று மாற்றினார். கடிகாரம் பன்னிரண்டு இருபத்தைந்து காட்டியதால் பன்னிரண்டு நாற்பது. முதலில் யாரிடம் பேசுவது? கோட்டை பார்க்க வந்தோம் என்ற வாக்கியம் இங்கே செல்லாது. தொரப்பாடியில் பார்க்க இருப்பது ஜெயில் ஒன்றுதான். இந்தப்பக்கம் வேலையாக வந்தேன்? என்ன வேலை? ஒன்று பத்து என்பதை அடித்து ஒன்று நாற்பது என்றார். வாக்கியம் கிடைக்காவிட்டால் ஒன்றும் பேசாமல் நிற்கலாம். பேசாமல் நின்று அவருக்குப் பழக்கமில்லை. முப்பத்தொரு வருடம் மணி அடிக்கும்வரை பேசியவர். ஐந்தாவது தாளில்தான், வாசலுக்கு முந்திய வரியில், பேனா நின்றது. எந்த வாசல்? தொரப்பாடி என்று தெரியும். எந்தத் தெரு, எந்த எண்? இருபது வருடம் ஒரே கட்டடத்தில் வேலை செய்த மனிதர். பாம்பெர்க்கில் ரொட்டிக்கடைக்கு எத்தனையாவது கட்டடம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

மணி ஒன்று இருபது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, முகவரிதானே கேட்கப் போகிறார், அதுவும் சொந்த மனைவியிடம். போனை எடுத்தார். திலகவதி எடுப்பாள். 'கதவு எண் என்ன?' என்பார். மூன்றே சொல். ஏன் எதற்கு என்று அவள் கேட்கமாட்டாள், எண்ணைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள், அவளுக்கு அந்தப் பக்குவம் உண்டு. மணி அடித்தது. நான்கு முறை அடித்தது. ஐந்தாவதில் யாரோ எடுத்தார்கள். மூச்சு முதலில் வந்தது, வாயைப் போனோடு ஒட்டிவைத்துக்கொண்டு விடுகிற, ஈரமான, அவசரமான மூச்சு.

"ஹலோ?"

அவர் போனை மறுகாதுக்கு மாற்றினார்.

"வேர் இஸ்ட் தா?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டது குரல். பிறகு பாட்டி வீட்டில் இருப்பது நினைவுக்கு வந்ததுபோல, வேறு ஒரு குரலில், "யாரு?"

இரண்டு மொழியில் கேட்டாகிவிட்டது. யார் என்ற கேள்விக்கு இரண்டு மொழியிலும் பதில் ஒரே சொல்தான். அதை வாய்க்குள் உருட்டினார். இந்தக் குழந்தைக்கு என்ன பெயர் என்று தனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. நான்கு வயதிருக்கும், ஒருநாளும் கேட்கவில்லை, கேட்காதவரிடம் திலகவதியும் சொல்லவில்லை. பெயர் தெரியாத ஒரு பிள்ளையிடம் நான்தான் இன்னார் என்று எந்த உரிமையில் சொல்வது? முதலில் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும். முறை என்று ஒன்று இருக்கிறது.

"யாரூ?"

"ராங் நம்பர்," என்றார் ஞானசம்பந்தம்.

"ராங் நம்பராம்!" என்று அந்தப் பக்கம் யாரிடமோ கத்தியது குழந்தை. "சரி, வெச்சிடு கண்ணு," என்றது ஒரு குரல். செம்பா. சளி பிடித்திருக்கிறது, விமானப் பயணம் அவளுக்கு எப்போதும் ஒத்துக்கொள்வதில்லை. தட்டு வைக்கிற சத்தம். மாணிக்கம் ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள், திலகவதியும், அவர் கேட்டறியாத ஒரு சிரிப்பு. கண்ணு என்றார்கள், வாலு என்றார்கள், ஏய் கையைக் கழுவு என்றார்கள். யாராவது ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று அவர் போனைக் காதில் அழுத்திக்கொண்டு காத்திருந்தார். போனை வைக்க எதை அழுத்த வேண்டும் என்று குழந்தைக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரியும், அவர் அழுத்தவில்லை.